சிவப்பணு ஏன் 120 நாளில் போய்ச் சேர்கிறது?

கேள்வி இதுதான்: ஆக்சிஜனேற்றச் சேதம் ரத்தச் சிவப்பணுவின் சவ்வை என்ன செய்கிறது, அதற்கும் வயதாவதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டவர் தன் வீட்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது, ஹீமோகுளோபின் 10.4, அதாவது சோகை. தெரிந்தவர் ஒருவர் "வயசானா ரத்தத்துல ஆக்சிடேஷன் ஜாஸ்தி ஆயிடும், சிவப்பணு சவ்வெல்லாம் கிழிஞ்சுடும்" என்று சொல்லி, ஒரு டப்பா ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூலைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொடுக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

சேதம் உண்மை. சவ்வு கெடுவதும் உண்மை. ஆனால் அந்தத் தெரிந்தவர் இரண்டு வயதுகளைப் போட்டுக் குழப்பிவிட்டார். ஒன்று சிவப்பணுவின் வயது. அதை நாள் கணக்கில் எண்ண வேண்டும். இன்னொன்று அப்பாவின் வயது. 71 வயதுக்காரர் உடம்பில் இன்று ஓடும் சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே கடந்த நான்கைந்து மாதத்துக்குள் பிறந்தவை. தாத்தாவின் ரத்தத்துக்கும் பேரனின் ரத்தத்துக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆய்வகத்தில் சிவப்பணுவோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த 120 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஷெமின், தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டார். கனமான நைட்ரஜன் அணு சேர்த்துத் தயாரித்த கிளைசீனை 66 கிராம் அளவுக்குச் சாப்பிட்டார். ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் வளையத்தைக் கட்ட உடம்பு கிளைசீனைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆக, அந்த நாட்களில் பிறந்த சிவப்பணுக்களில் மட்டும் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அப்புறம் மாதக்கணக்கில் தன் ரத்தத்தை எடுத்து எடுத்து அந்த முத்திரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தார். ரிட்டன்பர்க் என்ற சகாவோடு சேர்ந்து 1946-ல் வெளியிட்ட கணக்கு: சராசரி ஆயுள் 127 நாள்.

எண்ணை விடுங்கள். வரைபடத்தின் வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் உடைவதை யோசித்துப் பாருங்கள். நேற்று வாங்கிய டம்ளரும் உடையும், ஒரு வருடம் ஆன டம்ளரும் உடையும். கை தவறுவது வயது பார்த்து வருவதில்லை. சிவப்பணுவும் அப்படிச் செத்தால் முத்திரை முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏறியது, நெடுநாள் அப்படியே நின்றது, பிறகு சரிந்தது. சிவப்பணு விபத்தில் சாவதில்லை, வயதாகித்தான் போகிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியென்றால் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஏதோ ஒன்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடிகாரத்தின் முக்கியமான முள் ஆக்சிஜனேற்றச் சேதம்தான் என்பது இன்று நம்மிடம் இருக்கும் மிக வலுவான விளக்கம்.

சிவப்பணுவின் வடிவத்தைச் சொல்லாமல் சவ்வைப் பற்றிப் பேச முடியாது. ஓட்டை விழாத மெதுவடை மாதிரி, நடுவில் அமுங்கிய தட்டு. குறுக்களவு 7, 8 மைக்ரோமீட்டர். உள்ளே இருக்கும் சரக்கின் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரோமீட்டர். அதே சரக்கை உருண்டையாகப் பிடித்து மூட வேண்டும் என்றால் சுமார் 97 சதுர மைக்ரோமீட்டர் சவ்வு போதும். ஆனால் சிவப்பணு போர்த்திக்கொண்டிருப்பது 140. அதாவது தேவைக்கு மேல் நாற்பது சதவீதத்துக்கும் அதிகமான துணி. தொளதொளச் சட்டை. இந்தத் தொளதொளப்பால்தான் தன் அகலத்தில் பாதிகூட இல்லாத சந்தில் அது மடங்கி நெளிந்து புகுந்து வருகிறது. சவ்வு ரப்பர் மாதிரி இழுபடும் என்று நினைத்துவிடாதீர்கள். பரப்பளவில் மூன்று நான்கு சதவீதம் நீண்டாலே கிழிந்துவிடும். உபரித் துணிதான் அதன் மொத்தச் சொத்து. சிவப்பணு கிழமாவது என்றால், பாதிக் கதை இந்தத் துணியை அது கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதுதான்.

சேதம் வெளியிலிருந்து வருவதைவிட உள்ளேயே பிறப்பதுதான் அதிகம். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு. இரும்பையும் ஆக்சிஜனையும் ஒரே அறையில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பது மழைக்காலத்தில் ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹீமோகுளோபின் புரதத்தின் கெட்டிக்காரத்தனமே, இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கவும் வேண்டும், துருப்பிடிக்கவும் கூடாது என்று இரண்டையும் சமாளிப்பதுதான். ஆனால் நூற்றுக்கு நூறு சமாளிக்க முடிவதில்லை. ஆக்சிஜன் கழன்று போகும்போது சில சமயம் இரும்பின் எலக்ட்ரான் ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. போன ஆக்சிஜன் சூப்பராக்சைடு என்ற முரட்டுப் பொருளாகிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அதன் நிறம் காபி டிகாக்ஷன், ஆக்சிஜனைச் சுமக்கும் வேலைக்கு ஆகாது. ஒரு நாளைக்கு மொத்த ஹீமோகுளோபினில் 3 சதவீதம் வரை இப்படி மாறுகிறது. அதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி ஓயாமல் வேலை செய்வதால்தான் ஆரோக்கியமானவர் ரத்தத்தில் மெத்ஹீமோகுளோபின் ஒரு சதவீதத்துக்குக் கீழேயே நிற்கிறது.

சூப்பராக்சைடை அடக்க ஒரு நொதி இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததே சிவப்பணுவிலிருந்துதான். மாட்டு ரத்தத்தின் சிவப்பணுவில் செம்பு கொண்ட ஒரு புரதம் இருப்பது 1930களிலேயே தெரியும். செம்பைச் சேர்த்து வைக்கும் பானை என்றே பலரும் அதை நினைத்திருந்தார்கள். 1969-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும்தான் அது பானை இல்லை, காவல்காரன் என்று காட்டினார்கள். அதுதான் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். அது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸ், குளுட்டதையோன் பெராக்சிடேஸ், பெராக்சிரெடாக்சின் மூன்றும் பங்கு போட்டுத் தண்ணீராக்குகின்றன. பெராக்சிரெடாக்சினில் ஒரு வேடிக்கை உண்டு. சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மரபணுவும் இல்லை. ஆனாலும் இந்தப் புரதம் ஆக்சிஜனேற்றம் அடைவதும் மீள்வதும் ஏறத்தாழ 24 மணி நேரத் தாளத்தில் நடப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். மரபணு இல்லாமலே ராப்பகல் தெரிந்த பொருள்! இதில் நம் கேள்விக்குப் பதில் இல்லை. சொல்லாமல் போக மனமில்லை, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு காவல் இருந்தும் ஏன் கிழமாகிறது? ஏனென்றால் சிவப்பணு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிய பயணி. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே உட்கருவைத் துப்பிவிடுகிறது. வெளியே வந்த ஓரிரு நாளில் ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் காலி. ஆகவே புதுப் புரதம் ஒன்றுகூடச் செய்ய முடியாது. கொண்டுவந்த நொதிகள்தான் கடைசி வரை. காவல் நொதிகளுக்கு வேண்டிய எலக்ட்ரானைத் தயாரித்துக் கொடுப்பது ஜி6பிடி என்ற நொதி. காவலுக்குச் சம்பளம் போடும் நொதி என்று சொல்லத்தக்க அது, சாதாரண ஆளின் சிவப்பணுவிலேயே சுமார் 62 நாளில் பாதியாகிவிடுகிறது. தாக்குதல் தினமும் அதே அளவு. காவல் மட்டும் வாரத்துக்கு வாரம் மெலிகிறது.

இனி சவ்வுக்கு வருவோம். அடி விழுவது மூன்று இடத்தில்.

ஒன்று, கொழுப்பு. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு மாதம் கழித்துச் சிக்கு வாடை அடிக்குமே, அதே வேதியியல்தான் இங்கேயும். சவ்வின் கொழுப்பமிலங்களில் பல இரட்டைப் பிணைப்புகள் உள்ளவை நிறைய. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும் ஹைட்ரஜன் சுலபமாகக் கழலும். ஒன்று கழன்றால் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும், அது பக்கத்துக் கொழுப்பமிலத்தின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அதற்கடுத்ததை. ஒரு ஓலையில் பிடித்த தீ கூரை முழுக்கப் போவது போல. நடுவில் புகுந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை நிறுத்துவது சவ்வுக்குள்ளேயே தங்கியிருக்கும் வைட்டமின் ஈ. தீய்ந்துபோன வைட்டமின் ஈயை மறுபடி எழுப்பிவிடுவது வைட்டமின் சி. இதையும் தாண்டிப் போனால் கொழுப்பமிலம் துண்டு துண்டாகி மாலோன்டைஆல்டிஹைடு போன்ற பொருள்கள் பிறக்கும். ஆய்வகத்தில் அதற்கு ஒரு வினைபொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் ரோஸ்மில்க் நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சேதம். அந்தத் துண்டுகள் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் புரதங்களை ஒன்றோடொன்று ஒட்டிப்போடுகின்றன. சவ்வு விறைக்கிறது. கால்சியம் உள்ளே கசிகிறது. அது வந்ததும் பொட்டாசியத்துக்கான ஒரு கதவு திறக்கிறது. பொட்டாசியம் வெளியே போக, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. அணு சுண்டி, அடர்த்தி ஏறிவிடுகிறது.

இரண்டாவது, சவ்வுக்கு அடியில் இருக்கும் வலை. கயிற்றுக் கட்டில் பார்த்திருப்பீர்கள். மேலே விரித்த போர்வைதான் கொழுப்புச் சவ்வு. கீழே பின்னியிருக்கும் கயிறு ஸ்பெக்ட்ரின் என்ற நீளப் புரதம். படுத்தால் தொய்கிறது, எழுந்தால் பழையபடி விறைத்து நிற்கிறது. இந்த மீளும் குணம் கயிறு வழுக்கி நகர்வதால் வருவது. ஆக்சிஜனேற்றத்தில் ஸ்பெக்ட்ரினின் கந்தகக் குழுக்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். கயிறுகள் குறுக்கே போகும் இடத்திலெல்லாம் ஃபெவிகால் ஊற்றிய மாதிரி. கட்டில் பலகையாகிவிடும்.

மூன்றாவது இடம்தான் எனக்குப் பிடித்தமானது. கடிகாரமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேண்ட் 3 என்ற புரதம் ஒரு சிவப்பணுவில் பத்துப் பன்னிரண்டு லட்சம் பிரதிகள் இருக்கும். கார்பன் டை ஆக்சைடைப் பைகார்பனேட்டாக நுரையீரலுக்குக் கொண்டுபோகும் போக்குவரத்து அதன் அன்றாட வேலை. அதன் வால் சவ்வுக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மெத்ஹீமோகுளோபின் சரிசெய்யப்படாமல் இன்னும் கெட்டால் ஹெமிக்ரோம் என்ற நிலைக்குப் போகும். அந்த ஹெமிக்ரோம் போய் ஒட்டுவது இந்த வாலில்தான். ஒட்டியவை தங்களுக்குள் கூடித் திரள, மேலே இருக்கும் பேண்ட் 3 புரதங்களும் இழுபட்டு ஒரே இடத்தில் கும்பலாகின்றன. நம் ரத்தத்தில் பேண்ட் 3-ஐ அடையாளம் காணும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) இயல்பாகவே கொஞ்சம் உண்டு. பேண்ட் 3 தனித்தனியாக நின்றால் அவற்றின் பிடி நிற்காது. கும்பலாக நின்றால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் விழுங்கணு வந்து அணுவையே விழுங்கிவிடும். கிழட்டு அணுக்களில் எதிர்ப்புரதம் ஒட்டியிருப்பதை மார்கரீட் கே 1970களில் காட்டினார். ஹீமோகுளோபின் கெடுவதையும் பேண்ட் 3 கும்பலாவதையும் இணைத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் லோ குழு 1985-ல் எழுதியது. உள்ளே நடந்த கெடுதல் வெளியே எழுதி ஒட்டப்படுகிறது என்பதுதான் இதன் அழகு. விழுங்கணுவுக்கு அணுவைத் திறந்து பார்க்கும் வசதி இல்லை. சவ்வின் மேல் இருக்கும் சீட்டைத்தான் அதனால் படிக்க முடியும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. கழுவிய சிவப்பணுவில், ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றிக் கெடுக்கும் ஃபீனைல்ஹைட்ரசீன் கரைசல் கொஞ்சம் விட்டு 37 டிகிரி தண்ணீரில் வைத்தால், நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மங்கிக் காபி நிறமாகும். ஒரு சொட்டு எடுத்துக் கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு அணுவின் ஓரத்திலும், சவ்வின் உள்பக்கத்தில் அப்பிய மாதிரி ஊதாப் புள்ளிகள். 1890-ல் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் அவருக்கே பெயர் போய்விட்டது, ஹைன்ஸ் பொட்டு. எல்லாம் கெட்டுத் திரண்ட ஹீமோகுளோபின்.

அடுத்த கட்டம் இன்னும் தெளிவு. சிவப்பணுவை உப்பு குறைந்த குளிர்ந்த பஃபர் கரைசலில் ஊற்றினால் தண்ணீர் குடித்து உப்பி, சவ்வில் துளை விழுந்து, உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வந்துவிடும். வேகமாகச் சுழற்றினால் வெறும் சவ்வு அடியில் படியும். மேலே உள்ள சிவப்பைக் கொட்டி மறுபடி பஃபர், மறுபடி சுழற்சி. மூன்று நான்கு தடவையில் அடியில் இருப்பது ரோஜா நிறத்திலிருந்து பால் வெள்ளைக்கு வந்துவிடும். ஆய்வகத்தில் அதைப் ‘பேய்’ என்றுதான் சொல்வோம். குழாயை மெல்லச் சாய்த்தால் பேய்கள் மோர் மாதிரி வழுக்கி நகரும், அதற்கு அடியில் பொத்தான் போல இறுகிய ஒரு புள்ளி தெரியும். அது வெள்ளையணு மிச்சம், புரதத்தைத் தின்னும் நொதிகள் நிறைந்தது, அதை உறிஞ்சி எறியாவிட்டால் ஒரு நாள் வேலை பாழ். நான் பாழாக்கியிருக்கிறேன். இதே வேலையை ஃபீனைல்ஹைட்ரசீன் பட்ட ரத்தத்தில் செய்தால் எத்தனை தடவை கழுவினாலும் பேய் வெளுக்காது. பழுப்பாகவே நிற்கும். கெட்ட ஹீமோகுளோபின் சவ்வோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இனிப் போகாது. மெதுவாக, இதைவிடப் பல மடங்கு மெதுவாக, நம் ஒவ்வொரு சிவப்பணுவிலும் நாலு மாதத்தில் நடப்பது இதன் சிறிய அளவுதான்.

இதற்கு நடுவே அணு தன் சவ்வைக் கிள்ளிக் கிள்ளிச் சிறு குமிழிகளாக உதிர்த்துக்கொண்டும் இருக்கிறது. கெட்ட பகுதியைக் கழற்றி எறியும் தந்திரம் அது. அதற்கு விலை உண்டு. ஆயுள் முடிவதற்குள் ஹீமோகுளோபினில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடுகிறது, சவ்வுப் பரப்பும் கூடவே போகிறது. முதலில் சொன்ன தொளதொளச் சட்டை இறுகத் தொடங்குகிறது.

இந்தக் கிழட்டு அணுவைப் பிடிப்பது மண்ணீரல். வண்டிக்கு எஃப்.சி. எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை இல்லை, ஒரு நாளைக்குப் பல தடவை. மண்ணீரலின் உள்ளே ரத்தம் ஒரு மைக்ரோமீட்டர் அளவே அகலமுள்ள கீறல்கள் வழியாகப் பிழிந்து வர வேண்டும். 8 மைக்ரோமீட்டர் தட்டு, 1 மைக்ரோமீட்டர் சந்து. இளசு வழுக்கி வந்துவிடும். விறைத்தது மாட்டும். மாட்டிய இடத்தில் விழுங்கணு காத்திருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் எதிர்ப்புரதத்தைத் தடவிப் பார்க்கிறது. சில சமயம் அணுவை விட்டுவிட்டு ஹைன்ஸ் பொட்டை மட்டும் பிடுங்கிக்கொள்ளும். அப்படித் தப்பி வந்த அணுவை நுண்ணோக்கியில் பார்த்தால் யாரோ ஒரு கடி கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். மண்ணீரலை அறுவை செய்து எடுத்தவர் ரத்தத்தில் இந்தப் பொட்டுகள் ஜாஸ்தி தெரிவதற்கும் காரணம், பொறுக்கி எடுக்க ஆள் இல்லை. விழுங்கப்பட்ட அணுவின் இரும்பு வீணாவதில்லை. தினமும் 20, 25 மில்லிகிராம் இரும்பு இப்படித் திரும்பி மஜ்ஜைக்குப் போகிறது. சாப்பாட்டிலிருந்து நாம் உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்.

இதெல்லாம் ஆய்வகக் கதை, மனிதரில் உண்மையாக நடப்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கலாம். சாட்சி இருக்கிறது, கொஞ்சம் கசப்பான சாட்சி. மலேரியாவுக்கான ப்ரைமகுவின் மருந்தை 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் சோதித்தார்கள். கைதியின் ‘சம்மதம்’ எவ்வளவு சம்மதம் என்ற கேள்வி இன்றுவரை அந்த ஆய்வைத் துரத்துகிறது, துரத்தவும் வேண்டும். சிலருக்கு மருந்து போட்ட சில நாளில் ரத்தம் சிதைந்து சிறுநீர் கறுத்தது. விசித்திரம் என்னவென்றால், அதே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தும் சிதைவு தானாக நின்றது. ஆல்விங், டெர்ன், பாய்ட்லர் ஆகியோர் கதிரியக்க முத்திரையிட்ட அணுக்களை வைத்து 1954-ல் விடை கண்டார்கள்: சிதைந்தவை வயதான அணுக்கள், இளையவை தப்பிவிட்டன. கிழடுகள் காலியாகி இளசுகள் மட்டும் மிஞ்சியதும் சிதைக்க ஆளில்லை. அந்த மனிதர்களிடம் ஜி6பிடி நொதி குறைவு என்பது 1956-ல் தெரியவந்தது. அவர்களுடைய நொதி 13 நாளிலேயே பாதியாகிவிடும் வகை. கட்டுச்சோறு பாதி வழியிலேயே தீர்ந்தவர்கள்.

உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் குறை இருக்கிறது, இந்தியாவிலும் உண்டு. நம் வீடுகளில் இதற்குச் சம்பந்தப்பட்ட பொருள் பீரோவில் போடும் பாச்சை உருண்டை. நாப்தலினில் செய்த உருண்டை என்றால், அதன் ஆவி உடம்பில் மாறும்போது வரும் பொருள்கள் இதே ஆக்சிஜனேற்றத் தாக்குதலைச் செய்யும். உருண்டை போட்டு வைத்த பழைய துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்றி, குறை உள்ள குழந்தைக்கு ரத்தம் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றுவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விபத்து. துணியைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு அப்புறம் எடுங்கள், அல்லது அந்த உருண்டையே வேண்டாம். இணையத்தில் இந்தக் குறைக்கு "அவரை சாப்பிடக் கூடாது" என்று போட்டிருப்பது ஃபாவா பீன்ஸ் என்ற வேறு செடி. நம் ஊர் அவரைக்காய் இல்லை.

ரத்த வங்கியிலும் இதன் ஒரு வடிவம் நடக்கிறது. பையில் 35 அல்லது 42 நாள் குளிரில் இருக்கும்போது சவ்வு முள் முள்ளாகி, குமிழி உதிர்த்து, பொட்டாசியம் கசிகிறது. அதனால் "புது ரத்தம்தான் வேணும்" என்று உறவினர் அடம்பிடிப்பது வழக்கம். 2015, 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் புது ரத்தம் ஏற்றியவர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகக் காட்டவில்லை. தேதிக்குள் இருக்கும் பையை நம்பலாம்.

இப்போது அப்பாவிடம் வருவோம். உடம்பு மூப்படைவதே இந்த முரட்டு ஆக்சிஜன் பொருள்களால்தான் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-ல் ஒரு கோட்பாடு சொன்னார். கவர்ச்சியான யோசனை. கேப்சூல் வியாபாரம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அது சரியென்றால் ஆன்டிஆக்சிடன்டை வெளியிலிருந்து ஊற்றினால் நன்மை தெரிய வேண்டுமே? ஊற்றிப் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் வைட்டமின் ஈ மட்டும் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் தெரிந்தது. வைட்டமின் ஈ குறைந்தால் சிவப்பணு சிதையும் என்பது உண்மை; குறைமாதக் குழந்தைகளிடம் 1960களிலேயே பார்த்த விஷயம். குறை இருப்பவருக்குக் கொடுத்தால் மருந்து. குறையில்லாதவருக்கு அள்ளிக் கொடுப்பது வேறு கணக்கு.

வயதானவர்களின் சோகைக்கு முதல் காரணம் சவ்வு கிழிவது இல்லை. அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்குச் சோகை இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, பி12, ஃபோலேட் போன்ற சத்துக்குறை. இன்னொரு பங்கு சிறுநீரகக் கோளாறு அல்லது நாள்பட்ட அழற்சி. மீதிக்குத் தெளிவான காரணம் பிடிபடவில்லை. அநேகமாகக் கதை முடிவு இடத்தில் இல்லை, பிறப்பிடத்தில்: மஜ்ஜை போதுமான அளவு செய்து அனுப்பவில்லை.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை, சோதித்தே பார்த்துவிடலாம். அந்தத் தெரிந்தவர் சொன்னபடி சவ்வு கிழிந்து அணுக்கள் சீக்கிரம் செத்துக்கொண்டிருந்தால், மஜ்ஜை பதறிப்போய்ப் புது அணுக்களை அள்ளி அனுப்பும். ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுவின் எண்ணிக்கை ஏறியிருக்கும். செத்த அணுவின் சரக்கு ரத்தத்தில் தெரியும். அணுவுக்குள் இருக்கும் எல்டிஎச் என்ற நொதி ஏறும், ஹீம் உடைந்து வரும் மஞ்சள் பொருளான மறைமுக பிலிருபின் ஏறும். மூன்றும் சாதாரணமாக இருந்தால் கிழிசல் கதை அங்கேயே முடிந்தது. கூடவே ரத்தப் படலத்தை ஒருவர் நுண்ணோக்கியில் பார்க்கட்டும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கட்டும். ஃபெரிட்டின் குறைவாக வந்தால் இரும்பு மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். 71 வயது ஆணுக்கு இரும்பு குறைகிறது என்றால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாதக்கணக்கில் கேப்சூல் கொடுத்துக் காத்திருந்தால் தள்ளிப்போவது இந்தச் சோதனைதான், எனக்குப் பயமும் அதுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தால் இன்னொன்று. மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்லும் எச்பிஏ1சி, சிவப்பணு எத்தனை நாள் சர்க்கரையில் ஊறியது என்பதைத்தான் அளக்கிறது. அணு சீக்கிரம் செத்தால், ஊற நேரமில்லாமல் அளவு குறைத்துக் காட்டும். இரும்புக் குறையில் ஏற்றிக் காட்டவும் செய்யும். முழு ஆரோக்கியம் உள்ளவர்களிடையேகூடச் சிவப்பணு ஆயுள் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அந்த வித்தியாசமே இந்த அளவை நகர்த்தப் போதும் என்று 2008-ல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே சோகை சரியாகும் வரை அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சர்க்கரை மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், வீட்டில் குத்திப் பார்த்த கணக்கையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கேப்சூல் டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.